மேல் வீட்டுக்கு அக்கா ஆள் பார்த்த கதை

என் அக்காவுக்கு ரத்தம் எடுப்பது வேலை. ஒரு பரிசோதனைக் கூடத்தில் காலை முழுக்க உட்கார்ந்து, வருகிறவர்களின் முழங்கையை மடக்கிப் பிடித்து நரம்பு தேடுவாள். அவள் ஊசி குத்தினால் வலிக்காது என்று பேர். அவள் பேசினால்தான் வலிக்கும். அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் உண்டு, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு இருக்கிறது. கீழே அவளும் அவள் மகனும். மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வாடகை வீடு, அதற்கு வெளிப்பக்கமாகப் படி. அக்காவின் கணவர் உடன் இல்லை. மகனுக்கு என்ன பிரச்சினை என்று டாக்டர் சொன்ன வருஷமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

மகனை நாங்கள் துரை என்று கூப்பிடுவோம். காலையில் அவன் எழுந்து வருகிற தோரணைக்கு வைத்த பேர் அது. ஆறடி உயரம். நான் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன், தினமும் கனம் தூக்குகிற உடம்பு. அவன் பக்கத்தில் நின்றால் நானே பொடியனாகத் தெரிவேன். பேச்சு அவனுக்கு நாலைந்து வார்த்தைதான். "மா", "மாமா", "வேணாம்", அவ்வளவு. சந்தோஷம் வந்தால் "ம்ம்ம்" என்று தொடங்கித் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பான், உள்ளங்கையால் சுவரையும் தட்டுவான். ஓர் ஈயை அடிக்கத் தெரியாது. ஆனால் அவ்வளவு பெரிய ஆள் திடீரென்று வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தால், தெரியாதவர்களுக்கு ஈரக்குலை நடுங்கத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை.

அப்படித்தான் நடந்தது. போன குடித்தனக்காரர்கள் ஒரு கைக்குழந்தையோடு வந்த தம்பதி. ஒருநாள் மதியம் அக்கா வேலையில் இருந்தாள். துரைக்குத் துணையாக வருகிற அம்மா குளியலறைக்குப் போயிருந்த நேரத்தில் இவன் படியேறிப் போய், மேல் வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஓடிக்கொண்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் குரல் கொடுத்துவிட்டான். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் போலீஸைக் கூப்பிட்டாள். போலீஸ்காரர் வந்து பார்த்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலிருந்து வந்த அலுவலர்தான் போகவில்லை. மேல் வீட்டுக்காரர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அக்காவிடம் சொன்னார்.

"இந்தத் தடவை நான் பேசி முடிச்சுடறேன்மா. இன்னொரு புகார் வந்தா, இவரை இல்லத்துல சேர்க்கச் சொல்லி எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

அந்த மாத முடிவில் அவர்கள் காலி செய்தார்கள். அன்றிலிருந்து அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். மேல் வீடு காலியாகக் கிடந்தால் வாடகை இல்லை, வாடகை இல்லாவிட்டால் துணைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம் இல்லை, அந்த அம்மா இல்லாவிட்டால் அக்கா வேலைக்குப் போக முடியாது. ஆள் குடிவந்தாலோ, வருகிறவர் கையில்தான் அந்த இன்னொரு புகார் இருக்கிறது. இரண்டு பக்கமும் இடி.

"இந்தத் தடவை கண்டவங்களுக்கும் விடப் போறதில்லைடா" என்றாள் என்னிடம். "ஆளைப் பரிசோதிச்சுத்தான் எடுக்கப் போறேன்."

பரிசோதனை என்றால் அவளுக்கு விளையாட்டில்லை. வேலை செய்யும் இடத்தில் குழாயில் பேர் ஒட்டியிருக்காவிட்டால், அது மேலதிகாரியின் ரத்தமாகவே இருந்தாலும் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவாள். அந்தக் கறாரை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகள்தான். முகம் பிடித்திருக்கிறது என்று ஒருவருக்குக் குறைத்தும், பிடிக்கவில்லை என்று இன்னொருவருக்குக் கூட்டியும் கேட்கக் கூடாது. எங்கிருந்து வந்தவர்கள், எந்தக் கூட்டம் என்றெல்லாம் கேட்கவே கூடாது. "ரத்தத்துல அதெல்லாம் தெரியறதில்ல" என்பாள். குடியிருக்கப் போகிறவர்கள் அத்தனை பேரும் நேரில் வர வேண்டும். வேலைக்குச் சான்று வேண்டும். பார்த்த அன்றே சரி என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. இப்போதிருக்கும் வீட்டு ஓனரிடம் மட்டும் விசாரித்தால் போதாது, அதற்கு முந்தைய ஓனரிடமும் பேச வேண்டும் என்றாள்.

"ஏன்?" என்றேன்.

"இப்ப இருக்கிற ஓனருக்கு இவங்க தொலைஞ்சாப் போதும்னு இருக்கும். தங்கமான மனுஷங்கன்னு சொல்லித் தள்ளிவிடுவான். முந்தின ஓனருக்கு இவங்களால ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. அவன்தான் உண்மையைச் சொல்லுவான்."

"உன் கல்யாணத்துக்கு இதுல பாதியாவது விசாரிச்சிருக்கலாம்" என்றேன்.

"அதுக்கும் சேர்த்துத்தான் இப்ப விசாரிக்கிறேன்" என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

கேட்கிற விதத்திலும் ஒரு சூட்சுமம் வைத்திருந்தாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் அத்தனை பேரும் இல்லை என்பார்களாம். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால்தான் "டீயோட ரெண்டே ரெண்டு பிஸ்கட்" என்று வெளியே வருமாம். அதே மாதிரி, "சண்டை சச்சரவு உண்டா?" என்று இங்கே யாரிடமும் அவள் கேட்கவில்லை. "பழைய வீட்டுல பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட உங்களுக்கு எது பிடிக்காது?" என்று கேட்டாள். ஒருத்தர் அந்தக் கேள்விக்கு மூச்சுவிடாமல் பதில் சொன்னார். பேசி முடிப்பதற்குள் அக்கா எழுந்து கேட்டைத் திறந்து வைத்துவிட்டாள்.

தனி ஆள் என்று வந்த ஒரு கணக்கர், தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஆறு பேருக்குத் தாங்குமா?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இன்னொரு ஜோடியில் எல்லாக் கேள்விக்கும் கணவனே பதில் சொன்னான். அவனுக்கு நல்ல வேலை, நல்ல பேச்சு. அக்கா சொல்லிக் கேட்டதில் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு வாயே திறக்கலைடா."

ஆட்கள் வருகிற நேரத்துக்கெல்லாம் துரையைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. ஸ்கூட்டரில் ஏற்றி என் கடைக்குக் கொண்டுபோய், ஓடுகிற குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் பக்கத்தில் உட்கார வைப்பேன். அதன் மீது கன்னத்தை வைத்துக்கொண்டு சொர்க்கத்தில் இருப்பான். இரண்டு மூன்று தடவை செய்தேன். அதற்கப்புறம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"அவங்களைக் குடைஞ்சு குடைஞ்சு கேக்கறே. உன் வீட்ல இருக்கிறதை மட்டும் ஒளிச்சு வைக்கறே. தெரியாம குடிவந்தவன் ஓடாம என்ன பண்ணுவான்?"

"காட்டினா வாசல்லயே ஓடிடுவான்."

"வாசல்ல ஓடறவன் புகார் குடுக்க மாட்டான்ல."

அக்கா துரையின் சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக இருந்த பொத்தானையும் கழற்றி மறுபடி போட்டாள். அதற்கு மேல் சண்டை போட மனம் வரவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டேன்.

அப்படி நான் துரையோடு கடையில் இருந்த ஒரு நாள்தான் பேக்கரிக்காரி வந்தாள். அன்று மாலையே அக்கா நடந்ததை ஒன்று விடாமல் என்னிடம் ஒப்பித்தாள். வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம், தனி ஆள். பேக்கரியில் ராத்திரி முழுக்க அடுப்படி வேலை, பகலில் தூக்கம். முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். வேலைச் சான்றைக் கேட்கும் முன்பே எடுத்து வைத்தாளாம். இப்போதைய ஓனர், அதற்கு முந்தைய ஓனர் இருவருடைய நம்பரையும் கொடுத்தாள். அக்கா இரண்டு பேரிடமும் பேசிவிட்டாள். இரண்டாவது ஓனர் ஒரு கிழவர். "அந்தப் பொண்ணு திரும்பி வர்றதா இருந்தா சொல்லுங்க, இப்ப இருக்கிறவனைக் காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றாராம். அக்காவின் பரிசோதனையில் இதற்கு மேல் ஒரு மார்க் கிடையாது.

"பின்னே என்ன, சரின்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"அவளும் கேள்வி கேக்கறாடா" என்றாள் அக்கா. முகம் வெளிறிப் போயிருந்தது.

சத்தம் இருக்குமா என்று பேக்கரிக்காரி கேட்கவில்லை. "பகல்ல மேல படுத்திருந்தா என்னென்ன காதுல விழும்?" என்று கேட்டிருக்கிறாள். தன் சூட்சுமத்தையே ஒருத்தி தனக்குத் திருப்பிவிட்டாள் என்று அக்காவுக்குப் புரிந்தது. தெருவில் போகிற வண்டிகள், மோட்டார் போட்டால் கொஞ்ச நேரம் ஒரு சத்தம் என்று சமாளித்தாளாம். கீழே யார் யார் என்று கேட்டதற்கு, நானும் என் மகனும், நான் வேலைக்குப் போய்விடுவேன், அவன் மாமாவோடு கடையில் இருப்பான் என்று சொல்லிவிட்டாள். என் கடைக்கு எப்போது பார்ட்னர் சேர்த்தாள் என்று எனக்கே தெரியாது.

"போன குடித்தனக்காரங்க நம்பர் கேட்டா. தொலைஞ்சு போச்சுன்னேன்."

"ஏன் அக்கா இப்படி?"

"அதோட விடலை. புதன்கிழமை மத்தியானம் ஒரு தலைகாணியோட வர்றாளாம். மேல படுத்துத் தூங்கிப் பாக்கறாளாம். தூக்கம் வந்தா வீடு எடுத்துக்கறாளாம்."

வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், ஜன்னலை ஆட்டிப் பார்ப்பார்கள். தூங்கிப் பார்க்கிறேன் என்று ஒருத்தி கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். இல்லை என்றால் சந்தேகப்படுவாளே என்று பயம். புதன்கிழமை துரையைக் கடைக்குக் கூட்டிப்போக ஒரு வாரம் முன்பிருந்தே என்னிடம் ஒற்றைக்காலில் நின்றாள்.

புதன்கிழமை பேக்கரிக்காரி சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே வந்துவிட்டாள். கையில் ஒரு பாய், கக்கத்தில் தலையணை. ராத்திரி வேலை முடித்த கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டுப் படியேறினாள். துரையைப் பின்கட்டில் நிறுத்தி வைத்திருந்தோம். அவள் கதவைச் சாத்திக்கொண்டதும் அவனை வெளியே கூட்டி வந்து ஸ்கூட்டரில் ஏற்றப் போனேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

துரைக்கு மழைத்துளி தலையில் விழக் கூடாது. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு "வேணாம், வேணாம்" என்று வீட்டுக்குள் ஓடிவிட்டான். குடை காட்டினோம், தொப்பி காட்டினோம். ஆறடி ஆளை அவன் மனசில்லாமல் நகர்த்த யாரால் முடியும்? முன்னறைச் சுவரோரமாய் உட்கார்ந்துவிட்டான். சரியாக அவனுக்கு மேலேதான் அவள் படுத்திருந்தாள்.

மழை சத்தத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பெய்கிற வரைக்கும் எதுவும் கேட்காது. அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நின்றுவிடாதே நின்றுவிடாதே என்று உதடு முணுமுணுத்தது. நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவன் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாய்த் தின்றான். நான் டப்பாவையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தேன். பிஸ்கட் முதலில் தீருமா, மழை முதலில் தீருமா என்று இருந்தது.

மழைதான் தீர்ந்தது. குழாயை மூடியது போல நின்றுவிட்டது. தெரு அமைதியாகி, மேலே அவள் புரண்டு படுப்பதுகூடக் கேட்கிற மாதிரி ஆயிற்று. துரை தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். மழை போய்விட்டது. அவன் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றான்.

"ம்ம்ம்" என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம் ராஜா, வேண்டாம் கண்ணு" என்று அக்கா அவன் கையைப் பிடித்தாள். உள்ளங்கையால் சுவரை ஒரு தட்டுத் தட்டினான். நான் இன்னொரு கையைப் பிடித்தேன். குரல் மேலே ஏறிக்கொண்டே போனது. தெருக்கோடிக்குக் கேட்கிற அந்தக் குரலுக்கு அவன் மூச்சை இழுத்தபோது, அக்கா எட்டி அவன் வாயைப் பொத்திவிட்டாள்.

ஒரு கையால் பின்னந்தலையைப் பிடித்து, இன்னொரு கையால் அழுத்திப் பொத்தினாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவனை ஒரு தட்டுத் தட்டி நான் பார்த்ததில்லை. குரல் உள்ளேயே நின்றது. நானும் அவனைப் பார்க்கவில்லை, மேலே என்ன கேட்கிறது என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. நினைத்திருந்தால் அவளை ஒரு விரலால் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அம்மா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று மூச்சு முட்ட நின்றான்.

"கையை எடுங்க."

பேக்கரிக்காரி வாசலில் நின்றாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது, செருப்பில்லை. எப்போது இறங்கி வந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

"கையை எடுங்கன்னு சொல்றேன்."

அக்கா கையை எடுத்தாள். துரை இழுத்து இழுத்து மூச்சு விட்டான். அப்புறம் சுவரோரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டான். சத்தமே போடவில்லை. அவ்வளவு நேரம் எதற்காகத் தவித்தோமோ அது கிடைத்துவிட்டது, எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"இவன் என் மகன்" என்றாள் அக்கா. "உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். இவன் கடைக்கெல்லாம் போறதில்ல. பகல் முழுக்க இங்கதான் இருப்பான். சத்தம் போடுவான். உங்க தூக்கம் கெட்டுப் போச்சு, மன்னிச்சுக்குங்க."

"தூக்கத்தை இவர் கெடுக்கலை" என்றாள் அவள். "சத்தம் கேட்டுச்சு. யாரோ பாடறாங்கன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்தேன். நடுவுல டக்குனு அமுங்கிப் போச்சு. அதுலதான் எந்திரிச்சேன்."

அக்கா தரையைப் பார்த்தாள்.

"எப்பவும் இப்படித்தான் பொத்துவீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இன்னிக்குத்தான்."

"நான் எப்படி நம்பறது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இத்தனை நாள் ஊரையெல்லாம் சான்று கேட்ட அக்காவிடம் காட்ட ஒரு சான்றும் இல்லை. நான் குறுக்கே புகுந்து, என் அக்காவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஏதோ ஆரம்பித்தேன். அக்கா கையமர்த்தினாள். உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, போன குடித்தனக்காரர்களின் நம்பரை அவளிடம் சொன்னாள்.

"தொலையலை. பயந்துதான் குடுக்கலை" என்றாள். "இவன் அவங்க வாசல்ல போய் நின்னான்னு போலீஸைக் கூப்பிட்டவங்க. எங்களைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை அவங்க வாயில வராது. ஆனா என்னைக்காவது நான் இவன் மேல கை வச்சேனான்னு அவங்களையே கேளுங்க."

அவள் நம்பரைக் குறித்துக்கொண்டாள். துரையின் முன்னால் கொஞ்ச நேரம் குனிந்து நின்று பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. மேலே போய்ப் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

அதற்கப்புறம் அக்கா பட்ட பாட்டை யாருக்கும் வர வேண்டும் என்று நான் நினைக்க மாட்டேன். புகார் என்றால் இதுவரைக்கும் துரை மேல்தான் என்று நினைத்திருந்தாள். இப்போது புகார் கொடுக்க ஒருத்திக்கு நியாயமே இருந்தது, அதுவும் அக்கா மேல். போன் அடித்தால் எடுக்க மாட்டாள், அடித்து நின்ற பிறகு யார் என்று பார்ப்பாள். தெருவில் கார் வந்து நின்றால் ஜன்னல் மறைவில் போய் நிற்பாள். துரையின் துணிகளைத் துவைத்து, மடித்து, ஒரு பெட்டியில் அடுக்கினாள். திட்டினேன், எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் மறுபடி பெட்டியில் இருந்தன.

"அவன் அன்னிலேர்ந்து சரியாச் சத்தம் போடறதில்லடா" என்றாள். "ஆரம்பிக்கிறான், என் கையைப் பாக்கறான், நிறுத்திடறான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேல் வீடு கேட்டு இரண்டு பேர் போன் செய்தார்கள். அக்கா முதல் வார்த்தையாகவே, என் மகன் இப்படி, வீட்டில்தான் இருப்பான், வந்து முதலில் அவனைப் பாருங்கள், பிறகு வீட்டைப் பாருங்கள் என்றாள். ஒருத்தர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னொருத்தர் வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது கேட் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரி. கையில் பாயும் இல்லை, தலையணையும் இல்லை. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அவங்ககிட்டப் பேசினேன்" என்றாள். "என் காது புண்ணாப் போச்சு. உங்க மகன் பூதம், நீங்க ராட்சசி, உங்க தம்பி ரவுடி."

"நான் ரவுடியா?" என்றேன்.

"கடைசியில கேட்டேன். அந்த அம்மா மகனை அடிச்சு, அதட்டிப் பாத்திருக்கீங்களான்னு. அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ஒருநாளாவது அடிச்சிருந்தா அவன் அடங்கியிருப்பானே, அவதான் தொட மாட்டாளேன்னு."

அக்கா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே அழுகை வரவில்லை, மூச்சுதான் மேலும் கீழும் வாங்கியது. துரை சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றான்.

"வீடு இன்னும் காலியாத்தானே இருக்கு?"

"காலிதான்" என்றாள் அக்கா. "ஆனா உங்க தூக்கம்?"

"இப்ப நான் இருக்கிற இடத்துல பக்கத்துல இரும்புப் பட்டறை. அங்கேயே தூங்கறேன். எதோட சத்தம்னு தெரிஞ்சுட்டா எனக்குத் தூக்கம் வந்துடும். தெரியாத சத்தம்தான் படுத்தும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு ஒரே ஒரு கண்டிஷன் இருக்கு. இவர் சத்தம் போடணும். எனக்காக யாரும் அவரை அடக்கக் கூடாது. அமுங்கின மாதிரி கேட்டுச்சுன்னா நான் இறங்கி வந்து பாப்பேன். அன்னிக்குப் பாத்ததை மறுபடியும் பாத்தா, புகார் குடுத்துடுவேன். முகத்துக்கு நேராச் சொல்லிடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரிக்கே கண்டிஷன் போடுகிறாளே, அதுவும் அந்த வார்த்தையைச் சொல்லி! இத்தனை நாளாக எந்த ஒரு சொல்லுக்கு அக்கா பயந்து செத்துக்கொண்டிருந்தாளோ, அதையே இவள் வாசல்படியில் கொண்டுவந்து வைக்கிறாள். அக்கா இடிந்துபோவாள் என்று நினைத்து அவளைப் பார்த்தேன்.

அக்கா சாவியை எடுத்து நீட்டினாள்.

"குடுங்கம்மா" என்றாள். "நானே செஞ்சாலும் குடுங்க. எனக்கப்புறம் இவனுக்காகப் புகார் குடுக்க ஒரு ஆள் வேணும்."

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.